விதையோடு அரைத்த திராட்சை

என் மனைவிக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்தபோது அதை நெஞ்சு வலி என்று யாருமே நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, இடது தோளுக்குக் கீழே முதுகைப் பிடித்துக்கொண்டு, "வாயு பிடிச்சிக்கிச்சு" என்றாள். கூட இருந்த பெண்கள் கையை மடக்கி முதுகில் குத்திவிட்டார்கள். ஒருத்தி பெட்டிக்கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தாள். குடித்து ஏப்பம் விட்டு, "போயிடிச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தாள். வேலை முடியும்வரை பறித்தாள். வீட்டுக்கு வந்தபோது ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நாகப்பட்டினத்தில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். மாரடைப்பு என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னதை என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், நம்பவில்லை. "மெத்தையில உக்காந்து நெய்ச்சோறு திங்கிறவங்களுக்கு வர்றதுங்க அது. இது சேத்துல நிக்கிற பொண்ணு" என்றார். ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாக இருக்கிறது என்றார் டாக்டர். சாப்பாட்டில் இருந்து மட்டும் கொழுப்பு வருவதில்லையாம். உடம்பே, கல்லீரலே அதைச் செய்கிறதாம். சில குடும்பங்களில் வம்சமாகவே வருமாம். என் மாமனார் ஒருநாள் களத்தில் போர் அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து போனார். காத்து அடித்துவிட்டது என்று ஊரில் பேசி, வேப்பிலை அடித்தார்கள். டாக்டர் பேசும்போது மச்சானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் மட்டும் கட்டிலில் படுத்தபடி சிரித்தாள். "கேட்டியா மாமா? எனக்குக் கொழுப்புன்னு குத்தகை கேக்க வந்த மடத்து ஏஜெண்டு சொன்னப்ப அவன்கிட்ட சண்டைக்குப் போனேன். இப்ப மெஷினே சொல்லிடிச்சு."

நான் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதில் இருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாணம் ஆன நாளில் இருந்து எங்கள் வீட்டுக்கு வாய் அவள்தான். எங்கள் தெருவுக்கே அவள்தான் வாய். எங்கள் தெருவில் எல்லாருமே ஒரு காலத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்களின் பிள்ளைகள். மடத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறோம். எங்களுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். நிலம் கையில் வருவதற்குள் அவளுடைய அம்மா தலைமுறை எத்தனை களத்தில் நின்றது என்பதை அவள் மறக்கவிட மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க ஊரே வந்தது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதில்லை. ரொட்டி, ஹார்லிக்ஸ், திராட்சை. உடம்பு நன்றாக இருக்கிறவன் திராட்சை வாங்கித் தின்று நான் பார்த்ததில்லை. ஒருவர் திராட்சைப் பொட்டலத்தோடு பஸ் ஏறினால், "யாருக்கு முடியல?" என்றுதான் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். கட்டிலுக்குக் கீழே பொட்டலங்கள் சேர்ந்தன. "நல்லா இருக்கறப்ப ஒரு கொய்யாப்பழம் கொண்டாந்து குடுத்தீங்களா? சாவப் போறான்னு தெரிஞ்சதும் திராட்சையா?" என்று வந்தவர்களை வம்புக்கு இழுத்தாள். அவர்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகள் கொடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. கொழுப்பைக் குறைக்க ஒன்று, ராத்திரியில் போட வேண்டியது. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மாத்திரை. அந்தச் சின்ன மாத்திரையை நான் வேட்டி மடிப்பில் வைத்துக்கொள்ளப் பழகினேன். மற்றவை சாகும்வரை போட வேண்டியவை என்று டாக்டர் சொன்னார்.

முதல் சில மாதங்கள் ஒழுங்காகப் போட்டாள். அதற்குள் அவளுக்குக் கெண்டைக்காலில் ஆடுசதை வலிக்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கால் இரண்டும் அடித்துப்போட்டது மாதிரி இருக்கிறது என்றாள். தொடையிலும் வலி. சேற்றில் காலை வைத்தால் திரும்ப எடுக்க முடியவில்லை. நடவில் அவள் எப்போதும் வரப்போரத்து முதல் ஆளாக நிற்பவள். அவள் குலவை போட்டால்தான் மற்றவர்கள் குனிவார்கள். அந்த வருடம் பாதியிலேயே கரை ஏறி உட்கார்ந்துகொண்டு கால்களைத் தடவினாள். மாத்திரையால்தான் என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம்தான். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிலத்துக்கும் ஆபத்து வந்தது. ஆட்சி மாறியது. ஆட்சி மாறினால் எங்கள் பக்கத்தில் கொடிக்கம்பத்தில் பெயிண்ட் மாறும். மடத்து ஏஜெண்டும் மாறுவார். புதிதாக வந்தவர் எங்கள் குத்தகை செல்லாது என்றார். கீழ்வேளூரில் இருந்த ஒரு கட்சிக்காரர் எங்கள் தெருக்காரர்கள் நிலம் முழுவதற்கும் குத்தகையைத் தன் பெயருக்கு வாங்கிவிட்டதாகப் பேச்சு. நெல்லுக்கு அல்ல, இறால் குட்டை வெட்டுவதற்கு. கிழக்கே கடலோரத்தில் அப்படி வெட்டிய இடங்களில் உப்புத் தண்ணீர் இறங்கி, பக்கத்து வயலில் புல்கூட முளைக்கவில்லை என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். "அக்கா, நீங்க முன்னாடி நிக்காம நாங்க எப்படி?" என்றார்கள். அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் டீக்கடையில் இருந்து நேராக வீட்டுக்கு வந்தார். பேப்பரோடு வரும் இணைப்பில் திராட்சையைப் பற்றிப் போட்டிருக்கிறதாம். கருப்புத் திராட்சையின் தோலிலும் விதையிலும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறதாம். கெட்ட கொழுப்பு கெட்டுப்போய் ரத்தக் குழாயில் ஒட்டிக்கொள்வதை அது தடுக்குமாம். குழாயை இளக்கி விடுமாம். வெளிநாட்டில் ஓர் ஊர்க்காரர்கள் வெண்ணெயும் கறியுமாகத் தின்றும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவாம். சாப்பாட்டோடு திராட்சை ஒயின் குடிப்பதுதான் காரணமாம்.

"டீக்கடையில எல்லாப் பயலுக்கும் சந்தோஷம்" என்றார் மச்சான். "அந்த ஊர்ல பொறக்காம போயிட்டமேன்னு ஒரே வருத்தம்."

"நீங்க குடிக்கிற சாராயத்துல திராட்சை எங்கருந்து வந்துச்சு? ஊறல் பானையில பேட்டரி கட்டைதான் கெடக்கு" என்றாள் அவள். ஆனால் கண் விரிந்திருந்தது. "தோல்லயும் விதையிலயும்னா போட்ருந்தான்? சதையில இல்லியா?"

"தோலு, விதைதான் முக்கியமாம்."

"பாரு மாமா. ஆஸ்பத்திரியில நீ தோல உரிச்சு, விதைய எடுத்து எடுத்துக் குடுத்த. மருந்த எறிஞ்சிட்டு சக்கையக் குடுத்துருக்க."

மறுநாளில் இருந்து கீழ்வேளூர் கடைத்தெருவில் தள்ளுவண்டி வைத்திருக்கும் பாயிடம் பன்னீர் திராட்சை வாங்கி வந்தோம். கம்பம் ஊரில் இருந்து வரும் கருப்புப் பழம். தோல் தடிப்பு, விதை அதிகம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, அம்மியில் தோலும் விதையுமாக அரைத்து உருட்டி, வெறும் வயிற்றில் கிழக்கே பார்த்து நின்று அவள் விழுங்கினாள். பத்துப் பேருக்கு விஷயம் பரவியது. கிழக்கே பார்க்க வேண்டும் என்று எந்தப் பேப்பரிலும் போட்டிருக்காது. அது எங்கள் ஊர்ச் சேர்க்கை. "திராட்சைக்கு இவ்ளோ கிராக்கி வரும்னு தெரிஞ்சிருந்தா நானே ஒரு தோட்டம் போட்ருப்பேன் தம்பி" என்றார் பாய்.

அதுவரை தவறில்லை. பழம்தானே. ஆனால் எங்கள் ஊரில் ஒரு பொருளை வெறும் வயிற்றில் அரைத்துச் சாப்பிட்டால் அது மருந்தாகிவிடும். மருந்து என்றால் பத்தியம். பத்தியத்தில் முதல் விதி, நாட்டு மருந்து உள்ளே இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து சேரக்கூடாது; இரண்டும் வயிற்றில் ஒன்றையொன்று முறிக்கும். அவளுடைய அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாமல் எண்ணெயில்லாமல், ஓர் ஊசிகூடப் போடாமல் தேற்றினார்கள். அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். கத்திரிக்காயை விட்டாள். கருவாட்டை விட்டாள். மாத்திரையையும் விட்டாள். மறைக்கவில்லை. என் முன்னாலேயே பொட்டலத்தை எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டு, "பத்தியம் முடியறவரைக்கும் இது வேணாம்" என்றாள்.

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரே புள்ள."

"டாக்டர் திராட்சை வேணாம்னாரா? அவரு இருக்கறப்பதான ஊரே திராட்சை கொண்டாந்து குமிச்சுது?"

பத்து நாளில் அவளுடைய ஆடுசதை வலி போய்விட்டது. எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். கன்னத்தில் பழைய நிறம் வந்த மாதிரி இருந்தது. "பாத்தியா? திராட்சை வேலை செய்யுது" என்றாள். தெருவே வந்து பார்த்தது. மாத்திரையை நிறுத்தியதால் வலி போனதா, திராட்சையால் போனதா என்று பிரித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் மட்டும் ராத்திரி அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று வெளியில் இருந்து பார்க்க முடியாதே.

அவளிடம் சொல்லாமல் தஞ்சாவூருக்குப் போனேன். டாக்டரின் அறை வாசலில் மத்தியானம் வரை நின்றேன். கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனதும் பாதி மறந்தது.

"திராட்சை சாப்பிடுறாங்க. தோலோட, விதையோட."

"சாப்பிடட்டும். நல்லதுதான்."

"மாத்திரை போட மாட்டேங்கிறாங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. திராட்சை பழம். மாத்திரைக்குப் பதிலா அது நிக்காது. நிறுத்துனா இன்னொரு தடவை வரும், அடுத்த தடவை இவ்ளோ லேசா வராது. கூட்டிட்டு வாங்க." ஆடுசதை வலி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவர் முக்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மச்சானிடம் சொன்னேன். "மாப்ள, அவ நடக்கறத நீங்களே பாக்கறீங்க. நிலத்துப் பிரச்சனை முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். பெண்களிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் நிற்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஒருநாள் அழுதும் பார்த்தேன். "ஆம்பள அழுதா எனக்கு நெஞ்சு வலிக்குது, போ" என்றாள்.

அதன்பிறகுதான் திராட்சை அரைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு முன்னால் எழுந்து, அம்மியில் முதலில் மாத்திரைகளை, ராத்திரிக்கு உள்ளதையும் சேர்த்து, வைத்து நுணுக்கி, அதன்மேல் திராட்சையைப் போட்டு அரைத்தேன். விதை கசப்பு. தோல் துவர்ப்பு. அந்தக் கசப்புக்குள் இந்தக் கசப்பு அடங்கிவிட்டது.

"இன்னிக்கி என்ன ரொம்பக் கசக்குது?" என்றாள் முதல் நாள்.

"விதை ஜாஸ்தி."

கிழக்கே பார்த்து விழுங்கினாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி, வெகுநாளைக்குப் பிறகு, நான் தூங்கினேன்.

சில வாரம் ஓடியது. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்தது. அவளுக்கு மறுபடியும் ஆடுசதை வலி வந்தது. திராட்சை சாப்பிட்டும் ஏன் வலிக்கிறது என்று யோசித்தாள். பத்தியத்தில் எங்கேயோ பிசகு என்று புளியையும் விட்டாள். அப்புறமும் வலித்தது. ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து வந்துவிட்டாள். நான் அம்மி முன்னால் குனிந்திருந்தேன். கல்லில் வெள்ளைப் பொடி. பக்கத்தில் கழுவிய திராட்சை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. விரலால் அந்தப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

நான் குழவியைக் கீழே வைத்தேன்.

"வெசம் வைக்கறவனும் இப்படித்தான் வைப்பான். உன் கையால குடுத்தத கேள்வி கேக்காம முழுங்குனேன் பாரு."

"நீ செத்துப்போயிடுவ புள்ள."

"செத்துப்போறேன். எனக்குத் தெரிஞ்சு செத்துப்போறேன்."

அம்மியைக் கழுவிவிட்டாள். அன்றில் இருந்து திராட்சையையும் தொடவில்லை, மாத்திரையையும் தொடவில்லை. நான் போட்டுக் கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை. மச்சான் வீட்டில் போய்ச் சாப்பிட்டாள். எனக்கு அதன்பிறகு செய்ய எதுவும் மிச்சமில்லை. வயலுக்குப் போனேன், வந்தேன். பேசத் தெரிந்த ஒருவன் என் இடத்தில் இருந்திருந்தால் அவளை வழிக்குக் கொண்டுவந்திருப்பான் என்று தோன்றும். வரப்பில் நின்று பயிரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். அதற்கு மட்டும் வாய் வந்தது.

கதிர் பால் பிடிக்கும் சமயம் அவர்கள் வந்தார்கள். ஒரு மண் வெட்டும் இயந்திரம், அதன் பின்னால் கொடி கட்டிய ஜீப். தெரு முழுக்க வயலுக்கு ஓடியது. அவள் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். கால் வலி போன இடம் தெரியவில்லை, மாத்திரைதான் இல்லையே. இயந்திரம் வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் மதகின்மேல் போய் நின்றுகொண்டாள். பெண்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

கட்சிக்காரர் ஜீப்பில் இருந்து இறங்கினார். வெள்ளை வேட்டியைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். "என்னம்மா இது? நீங்க ஹார்ட் பேஷண்டாமே. வீட்ல படுத்திருக்க வேண்டியதுதான?"

"என் ஹார்ட்டு என்ன உங்க பதவியா, ஆட்சி மாறுனா ஆட்டங்காண?"

பெண்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். இயந்திரத்து டிரைவரும் சிரித்துவிட்டார். கட்சிக்காரர் முகம் சுருங்கியது. "மரியாதையா வெலகிக்கங்க. கோர்ட்டுல பாத்துக்கலாம்."

"பயிர் நிக்கிதுங்க. பால் புடிச்ச பயிரு. புள்ளத்தாச்சி மேல வண்டி ஏத்துவீங்களா? அறுத்துக்கறோம், அப்பறம் கோர்ட்டுக்கு வாங்க."

பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தினாள். தாடையைத் தடவினாள். யாருக்கும் அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கை சில்லென்று இருந்தது. வேட்டி மடிப்பில் இருந்து அந்தச் சின்ன மாத்திரையை எடுத்தேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"என்ன அது?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "நாக்குக்கு அடியில வைக்கிறது. வேற ஒண்ணும் இல்ல புள்ள. சத்தியமா."

என் கண்ணையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

எங்கள் ஊருக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. போன் இருந்த பூத்துக்கு அரை மணி நடை. அங்கே இருந்த ஒரே வண்டி அந்த ஜீப். தெரு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அவள் கேட்பாள். நான் அந்தக் கட்சிக்காரரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயா, வண்டி குடுங்க. என் பொண்டாட்டி செத்துருவா." சத்தமாகத்தான் சொன்னேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு என் குரல் கேட்கவே இல்லை.

பின்னால் ஒரு பெண், "அவன்கிட்டயா?" என்றாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். கட்சிக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். அந்த ஒரு நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். பிறகு டிரைவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அவன் வண்டியில ஏற மாட்டேன்" என்று அவள் முனகினாள். அவளைக் கேட்காமல் தூக்கினேன். காதோரமாக, "வயல வுட்டுட்டியா மாமா?" என்றாள். வயல் எனக்குக் கண்ணிலேயே தெரியவில்லை. கொடி முகத்தில் அடிக்க அடிக்க அந்த ஜீப்பில் போனோம்.

பிழைத்தாள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, மற்றது பாதி பலத்தில்தான் அடிக்கிறது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இன்னொன்று வந்தால் தாங்காது. பேச்சு வந்ததும் அவள் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி: "திராட்சை பொய்யா டாக்டர்?"

அவர் அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். "பொய் இல்லம்மா. தோல்ல, விதையில இருக்கற பொருளு ரத்தக் குழாய்க்குக் கொஞ்சம் நல்லது பண்ணலாம்னு சொல்றாங்க. நெறய சோதனைய ஆய்வுக்கூடத்துலதான் பண்ணிருக்காங்க. மனுஷங்ககிட்ட பாத்ததுல பலன் சின்னதாத்தான் தெரியுது. உங்க கொழுப்புக்கு அது பத்தாது. பழமா சாப்பிடுங்க. மருந்தா நினைக்காதீங்க."

"ரெண்டும் சேர்ந்தா முறிக்காதா?"

"திராட்சைக்கும் இந்த மாத்திரைக்கும் சண்டை கிடையாது. ஏன் நிறுத்துனீங்க?"

"காலு வலிக்குதுங்க. சேத்துல நிக்க முடியல."

டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அதை ஏன் சொல்லல? இந்த மாத்திரைக்குச் சில பேருக்கு அப்படி வலிக்கும். அளவக் குறைப்போம், வேற மாத்திரை மாத்துவோம். அதுக்கு வழி இருக்கு."

வழி இருந்திருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்த அந்த ஆளை எழுப்பிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். அவளும் அதையேதான் நினைத்தாளோ என்னவோ, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "வயல் என்ன ஆச்சு?" என்றாள்.

வயல் நின்றது. அவள் விழுந்ததைப் பார்த்த இயந்திரத்து டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிவிட்டாராம். பக்கத்து ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. நிற்கிற பயிரை நாங்கள் அறுத்துக்கொள்ளலாம், அதன்பிறகு குத்தகை யாருக்கு என்பதைக் கோர்ட் சொல்லும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வண்டி கொடுத்ததைச் சொல்லிக் காட்டிக் கட்சிக்காரரின் ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். தெருவில் சிலர் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். என் கையால்தான் வாங்கிப் போடுகிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கையை விரிக்கச் சொல்லி, எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறாள். ஏதாவது ஒரு நாள் கேட்காமல் வாங்கிக்கொள்வாள் என்று காத்திருக்கிறேன்.

அந்தப் பயிருக்குப் போன தை மாதம் அறுவடை. வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் விடியும் முன்பே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாளோடு நின்றாள். "முதல் அரி நான்தான் அறுப்பேன். ஒரே ஒரு பிடி" என்றாள். பெண்கள், "விடுங்க அண்ணே, ஒரு பிடிதான" என்றார்கள். மச்சானும் அதையே சொன்னார்.

"எறங்கக் கூடாது" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு பிடியும் கெடையாது. வரப்புல உக்காரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடேங்கப்பா" என்றாள். பிறகு அரிவாளை என் கையில் கொடுத்தாள். "அப்ப நீ எறங்கு. நான் கொரல் குடுக்கறேன்."

வரப்பில் சாக்கை விரித்து உட்கார வைத்தோம். குலவை போட முயன்றாள்; மூச்சுப் போதவில்லை, பாதியில் நின்றது. மீதியைப் பெண்கள் போட்டார்கள். நான் குனிந்தேன். கதிர் நன்றாக விளைந்திருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கதிரைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பிடி அறுப்பேன், உடனே நிமிர்ந்து வரப்பைப் பார்ப்பேன். உட்கார்ந்திருப்பாள். மறுபடியும் குனிவேன். குனியும்போதெல்லாம் நிமிரப் பயமாக இருந்தது. நிமிர்ந்த பிறகு குனியப் பயமாக இருந்தது.

"யோவ் மாமா, என்னை என்ன பாக்கற? நெல்லப் பாத்து அறு, கைய வெட்டிக்கப் போற" என்று வரப்பில் இருந்து கத்தினாள். குரல் மெலிந்திருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

நான் குனிந்து அடுத்த பிடியைப் பிடித்தேன்.